ஆமை வராத கரை

காட்டிலாகா அதிகாரி வரப்போகிறார் என்று கோவளம் சந்தையில் ஆதியம்மாள் கேள்விப்பட்டாள். மறுநாள் விடியுமுன் ஆமை கரையேறி முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது. எழுபத்தாறாம் வருஷம், மாசி மாதம். அது தேர்ந்தெடுத்த இடம் அவள் புருஷன் சிங்காரம் கட்டுமரம் ஏற்றும் மணல்.

"வேற எடமே கெடைக்கலியா இதுக்கு?" என்றாள்.

வலையில் ஆமை சிக்கினால் குங்குமம் வைத்துக் கடலில் விடுகிற குப்பம் அது. ஆனால் சாமி வேறு, சர்க்கார் வேறு. ஆமை ஏறுகிறது என்று தெரிந்தால் வேலி போடுவார்கள். பிறகு மரத்தை எங்கே ஏற்றுவது? பழைய வலையை இழுத்துத் தடத்தை அழித்தாள். முட்டைக் குழியின்மேல் பாய் விரித்துக் கருவாட்டைப் பரப்பினாள்.

"குங்குமம் வச்ச கையாலயே ஒளிக்கிறியே," என்றான் சிங்காரம்.

"நீ வலைய பாரு."

அதிகாரி வாசுதேவன் நல்ல மனிதராக இருந்தார். அதுதான் தொல்லை. மூக்கைப் பொத்தாமல் கருவாட்டைச் சுற்றி நடந்தார். வரைபடத்தை விரித்துக் காட்டினார். மலையில் பச்சை, ஏரியில் பச்சை. கரை நெடுக வெறும் தாள்.

"காட்டுக்கெல்லாம் காவல் போட்டோம்மா. கரையை விட்டுட்டோம். எங்கெங்க விட்டுப்போச்சுன்னு பாத்துட்டு வரேன். இங்க ஆமை ஏறுதா?"

"ஆமையா? இங்க நண்டே யோசிச்சிதான் சார் ஏறும்."

கரையே சிரித்தது. வாசுதேவன் சிரிக்கவில்லை. படத்தை மடித்தார்.

"ஏறினா நல்லா இருந்திருக்கும். கட்டடம் எதுவும் வரக்கூடாதுன்னு எழுதியிருப்பேன்."

"அப்ப எங்க மரம்?"

"கட்டுமரத்துக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கும்."

ஆதியம்மாள் பாயைப் பார்த்தாள். ஊரே சிரித்த பேச்சை எப்படித் திரும்ப வாங்குவது? குனிந்து ஈ ஓட்டினாள். அவர் மகாபலிபுரம் பஸ் ஏறிப் போனார்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, பாய் நடுவில் குழிந்திருந்தது. அதே காலையில் ஜீப் வந்தது. ஓட்டல் கட்டப்போகிற கம்பெனியின் ஆள் காசிநாதன் இறங்கினார். எல்லைக்கற்களும் இறங்கின.

"இன்னா நைனா, யார் எடத்துல கல்லு நடுற?"

"சர்க்கார் குடுத்த எடம்மா. இங்க ஒண்ணுமே கெடையாதுன்னு காட்டிலாகாவே சொல்லிடுச்சு. உங்க ஜனங்களே சாட்சியாம்."

ஆதியம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாயை உதறினாள். கருவாடு சிதறியது. அடியில் மணல் கொதித்தது. குஞ்சுகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு மேலே வந்தன.

"பாரு! ஆமை கீது! இப்ப இன்னா சொல்ற?"

காசிநாதன் குந்தி உட்கார்ந்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"அடடா! இதப் பாக்கவே வெள்ளக்காரன் வருவானே!"

ஒரு குஞ்சை உள்ளங்கையில் ஏந்திப் போய் ஈர மணலில் பூப்போல விட்டார். திரும்பி, வரிசையாகக் கிடந்த கட்டுமரங்களைப் பார்த்தார். முகம் மாறியது.

"முதல்ல இந்த மரத்தையெல்லாம் எடுக்கச் சொல்லும்மா. பாவம், குஞ்சு நசுங்கிடப் போவுது."