முன் கைப்பிடி

"தள்ளுங்க. இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்," என்றாள் ஜோலின்.

சவப்பெட்டியைத் தூக்கக் குனிந்திருந்த ஆறு கிழவர்களும் நிமிர்ந்தார்கள். ஆறு பேரும் ஒரு காலத்தில் மில் தெரு மைதானத்தில் பேஸ்பால் ஆடியவர்கள். என்றாவது பெரிய அணிக்குப் போகலாம் என்ற ஆசையில், கோடை முழுக்க ஊர்க்காரர் வீடுகளில் தங்கி ஆடுவார்கள். இவர்களை வெவ்வேறு கோடைகளில் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள் ஜோலினின் அம்மா வெர்னா. "என் பசங்கதான் என்னைத் தூக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோடை வந்தால் ஜோலினின் அறை அவர்களுக்கு, அவளுக்குக் கூடத்து சோபா. அவள் பள்ளியில் மேடையேறிப் பாடிய அன்றும் அம்மா மைதானத்தில்தான் கத்திக்கொண்டிருந்தாள். பிற்பாடு அணி வேறு ஊருக்கு விலைபோய், மைதானத்தை இடித்தபோது அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜோலினோ வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மரக் கேலரி சரிவதைக் கல்யாணம் பார்ப்பதுபோல் பார்த்தாள். இப்போது அங்கே ஏதோ கடைக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். மைதானம் ஒழிந்தும் இந்தப் பையன்கள் ஒழியவில்லையே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"அம்மா எங்க ஆறு பேரைத்தானே சொன்னாங்க, ஜோலி," என்றார் டுவேன், முன் கைப்பிடியை விடாமல்.

"யாரு அம்மா? என் ரூமு, என் கட்டிலு, என் அம்மா. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

டுவேன் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"உன் கட்டில்ல எத்தனை நாள் படுத்தேன்னு நினைக்கிற? சரியா ஆடலன்னு ஒரு மத்தியானம் டீமை விட்டுக் கழட்டி விட்டுட்டாங்க. அம்மா சாண்ட்விச் கட்டிக் குடுத்தாங்க. கட்டிப்பிடிச்சு அழுதாங்க. தொப்பிய விட்டுட்டேன்னு பாதி வழியில திரும்பி வந்தா, அதுக்குள்ள விரிப்ப மாத்தி, அடுத்தவனுக்குத் தலகாணி தட்டிட்டு இருக்காங்க. நீ சோபாவுல படுத்து டிவி பாத்துட்டு இருந்த. உன்னை யாரும் கழட்டி விட முடியாதுல்ல? பொறாமையில செத்தேன் அன்னிக்கு."

ஜோலின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிப்பிடிச்சு அழுதாங்களா?"

"ஆமா."

"என்னை ஒரு தடவைகூட அப்படிப் பண்ணதில்ல."

டுவேன் கையை எடுத்தார். ஜோலின் கைப்பிடியைப் பற்றித் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தேவாலயப் படியில் அவள் தடுமாற, டுவேன் ஓடிவந்து கை கொடுத்தார்.

அவள் முழங்கையால் அவரைத் தள்ளிவிட்டாள்.