இரண்டாவது அழுத்தல்

மனிதர்களுக்குப் புத்தி சொல்லி ஓய்ந்துபோனவர்கள் ஊரில் எத்தனையோ பேர். வாத்தியாரம்மாவோ இயந்திரத்துக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ஏஐ ஏஜென்ட் ஒன்று மனிதனைப் போலவே இணையதளங்களைத் திறந்து, கட்டங்களை நிரப்பி, பொத்தானை அழுத்தும். திறக்க ஒன்று, அழுத்த ஒன்று என்று அதற்கான மென்பொருள் கருவிகளைச் செய்துதருபவள் பக்கத்து மேஜைத் தோழி சுருட்டை. எந்தக் கருவியை எப்போது எடுப்பது, எடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ஏஜென்டுக்கு விளங்கும்படி குறிப்பு எழுதுவது வாத்தியாரம்மாவின் வேலை. எழுதியதை எழுதியபடியே செய்வதால் ஏஜென்டுக்குச் ‘சமர்த்து’ என்று செல்லப்பெயர்.

வீட்டில் அம்மாவுக்குக் கண்ணில் புரை. எதிரே நிற்பது மகளா மாப்பிள்ளையா என்று குரல் கேட்டபிறகுதான் தெரிகிறது. நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஆபரேஷனுக்கு நாள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. திங்கள் காலை ஆஸ்பத்திரி இணையதளத்தில் இடங்கள் திறக்கும். வாத்தியாரம்மா அம்மாவின் பிறந்த தேதியைத் தட்டி முடிப்பதற்குள் எல்லாம் போய்விடும். வாரா வாரம் இதே கதை. இந்த முறை வேலையைச் சமர்த்திடம் ஒப்படைத்தாள்.

“மெஷின்கிட்டயா குடுத்த? நல்லா குடுத்த போ” என்றாள் அம்மா.

“அதுக்குப் பாடம் எழுதினதே நான்தாம்மா. தப்புப் பண்ணாது.”

திங்கள் காலை சமர்த்து அறிக்கை தந்தது: பொத்தானை அழுத்தினேன், வேலை முடிந்தது. வாத்தியாரம்மா வாயெல்லாம் பல்லாகப் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். ‘பதிவு ரத்து செய்யப்பட்டது’ என்று இருந்தது.

“அடப் பாவி! குடியைக் கெடுத்தியே!” என்று அவள் திரையைப் பார்த்துக் கத்தியதில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

சுருட்டை நாற்காலியோடு உருண்டு வந்து, சமர்த்து செய்ததையெல்லாம் வரிவரியாகப் படித்தாள். அழுத்தியிருக்கிறது. பக்கம் மாறவில்லை. மறுபடி அழுத்தியிருக்கிறது. ஆனால் முதல் அழுத்தலிலேயே இடம் பதிவாகிவிட்டது. தளம்தான் மந்தம், அதைக் காட்ட நேரம் எடுத்திருக்கிறது. பதிவானதும் அதே இடத்தில் அதே பொத்தான் ‘ரத்து செய்’ என்று மாறிவிடும். இரண்டாவது அழுத்தல் அதன்மேல் விழுந்திருக்கிறது.

“பக்கம் மாறலன்னா மறுபடி அழுத்துன்னு எந்தப் புண்ணியவதிடி எழுதினது?”

வாத்தியாரம்மா தன்னையே விரலால் சுட்டிக்காட்டினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் தன் குறிப்பால் கெட்டாள்.

“லிஃப்ட் பொத்தானையே விடாம குத்துறவதானே நீ. உன் புத்தியை அப்படியே அதுக்கும் ஏத்திவிட்டிருக்க!”

“சிரிக்காதடி. அம்மா இன்னும் எத்தனை நாள் சுவத்தைத் தடவிக்கிட்டே நடப்பாங்க?”

சுருட்டையின் சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். ரத்தான இடம் மதியத்துக்கு மேல் மறுபடி பட்டியலுக்கு வருமாம். எப்போது என்று சொல்ல முடியாதாம், முந்தியவருக்குத்தானாம். கையால் தட்டி முந்த முடியாது என்று வாத்தியாரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மதியத்துக்குள் குறிப்பைத் திருத்தியாக வேண்டும்.

உட்கார்ந்து எழுதினாள். ஒருமுறை மட்டும் அழுத்து. உறுதிச் செய்தி வரும்வரை காத்திரு. வராவிட்டால் பதிவுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முடிவை எடு. உனக்குச் சொல்லாத விவரத்தை நீயாக இட்டுக்கட்டாதே, கேள்.

“ஏன்ங்கிறதையும் எழுது. காரணம் தெரிஞ்சாத்தான் நாம சொல்லாத இடத்துலயும் ஒழுங்கா நடந்துக்கும்” என்றாள் சுருட்டை.

அதையும் எழுதினாள்: பக்கம் மாறுவதற்கு முன்பே இந்த அழுத்தும் கருவி ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும், திரை அசையவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று ஆகாது.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் இடம் தலைகாட்டியது. சமர்த்து மளமளவென்று கட்டங்களை நிரப்பி, பொத்தானை அழுத்தியது. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வாத்தியாரம்மாவின் கை தானாக மவுஸுக்குப் போனது. சுருட்டை அந்தக் கைமேல் பளாரென்று ஓர் அடி வைத்தாள்.

“கையை எடுடி! எழுதினவளுக்கே பொறுமை இல்லையா?”

“இதுவும் போச்சுன்னா மறுபடி அடுத்த திங்கள்தான்டி!”

வட்டம் நின்றது. பதிவு உறுதியானது. சுருட்டை விசிலடித்தாள். உறுதிச் செய்தியின்கீழே சமர்த்து ஒரு வரி எழுதியிருந்தது: ‘உடன் வருபவர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள் சொல்லவில்லை. யாரை எழுதட்டும்?’

வாத்தியாரம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரை யோசித்தாள், தேதியை யோசித்தாள், பொத்தானை அத்தனை யோசித்தாள். இதை யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“கிடைச்சிடுச்சும்மா!”

“அப்படியா? நல்லதா போச்சு.” அம்மாவின் குரல் இறங்கியது. “ஏண்டி, கண்ணுல கத்தி வைப்பாங்களே, முழிச்சிக்கிட்டேதான் இருக்கணுமா?”

அம்மா பயந்து அவள் பார்த்ததே இல்லை.

“நான் பக்கத்துலயே இருப்பேம்மா.”

“உனக்கு ஆபீஸ் இருக்குமே.”

“இருக்கட்டும்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காலியாக இருந்த கட்டத்தில் ‘மகள்’ என்று தன் கையாலேயே தட்டினாள்.