நானூற்றுப் பதினேழாம் எண்

நவமியன்று மத்தியானம் நிமாய் தா வந்து வாசலில் நின்றபோது நான் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துர்கா பூஜையில் புதுச் சட்டை போடாத வங்காளியை இருபது வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். உள்ளே வாங்க என்று சொல்லியும் செருப்பைக் கழற்றவில்லை. "போவ்தி, அந்த மைக்ரோமீட்டர் உடனே வேணும்," என்றார் வங்காளத்தில்; அவருக்கு நான் போவ்தி, அதாவது அண்ணி; எனக்கு அவர் தா, அண்ணன். "சாமானையெல்லாம் எண்ண ஆள் வந்துட்டாங்க. லீவு நாள்லயே."

என் வீட்டுக்காரர் பாலசுப்ரமணியனுக்குக் கார்டன் ரீச்சில், மத்திய அரசின் பம்ப் தொழிற்சாலையில் வேலை. கடைசல் பிடித்து வருகிற பாகங்களை அளந்து, தேறும் தேறாது என்று சொல்கிற இன்ஸ்பெக்டர். தலைமுடியின் பருமனைக்கூட அளக்கிற ஜெர்மன் மைக்ரோமீட்டர் அவர் கையை விட்டு இறங்காது. தொழிற்சாலையில் விஸ்வகர்மா பூஜை செப்டம்பரிலேயே நடந்துவிடும். ஆனாலும் ஆயுத பூஜையன்று தன் கருவி நம் வீட்டுச் சாமிக்கு முன்னால் இருந்தாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். துர்கா பூஜைக்காகத் தொழிற்சாலையைச் சாத்துகிற சஷ்டி மாலையில், அதை மரப்பெட்டியோடு சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவருவார். திறக்கிற அன்று திரும்பக் கொண்டுபோய் வைப்பார். ஸ்டோர் கீப்பர் நிமாய் தா அதற்கு ஒருநாளும் சீட்டு எழுதியதில்லை. "துர்கா அம்மாவுக்குப் போற சாமான், அதுக்கு என்ன கையெழுத்து?" என்பார். இவர் கையில் நான் சுண்டல் கொடுத்தனுப்புவேன். கணக்கு அவ்வளவுதான்.

2002-ஆம் வருஷம் அது. நஷ்டத்தில் ஓடும் அரசுத் தொழிற்சாலைகளைத் தனியாருக்கு விற்றால்தான் நாட்டின் வளர்ச்சி நிற்காமல் ஓடும் என்று பேப்பரில் தினமும் வரும். இவரும் காப்பியை வைத்துக்கொண்டு, "சரியாத்தானே சொல்றான்? எத்தனை நாளைக்கு கவர்மெண்ட் சுமக்கும்?" என்று எனக்குப் பாடம் எடுப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். மகாளய அமாவாசை கழிந்த வாரம் டெல்லியிலிருந்து டை கட்டிய நாலு பையன்கள் வந்து, தொழிற்சாலையில் இருந்த எல்லாவற்றிலும் மஞ்சள் தாளில் எண் ஒட்டினார்கள். கடைசல் இயந்திரம், மின்விசிறி, சாப்பாட்டுப் பெஞ்சு, ஒன்றையும் விடவில்லை. இவருடைய மரப்பெட்டி மூடியில் 417. "எங்க நெத்தியில மட்டும்தான் இன்னும் ஒட்டல," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூஜையில் வைத்தபோது அந்த எண்ணின் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தேன்.

ஆக, நிமாய் தா வாசலில் நிற்கிறார். இவர் பாதி எழுந்து என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் என்கிற பார்வை.

"பூஜையில வச்சத நாளைக்குப் புனர் பூஜை ஆகாம எடுக்கக் கூடாதுங்க," என்றேன். "இந்த வருஷமாப் பாத்தா சாமி குத்தம் பண்ணணும்? எப்ப என்ன ஆகுமோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

இவர் அதை வங்காளத்தில் மென்று முழுங்கிச் சொன்னார். நிமாய் தா எட்டி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூவோடு இருந்த பெட்டியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "தாக், போவ்தி. இருக்கட்டும். இன்னிக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கறேன். காலைல நானே வந்து வாங்கிக்கறேன்." சுண்டல் இன்னும் தாளிக்கவில்லை. வெறுங்கையோடுதான் போனார்.

காலையில் அவர் வரவில்லை. புனர் பூஜையை அவசரமாக முடித்து, இவரே பையை எடுத்துக்கொண்டு ஓடினார். கேட்டில் புதுப் பூட்டு. நீலச் சட்டை போட்ட புதுக் காவலாட்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த வழியாகப் போய்வந்தவரை யாரென்று கேட்டார்கள். மறு அறிவிப்பு வரை தொழிற்சாலை மூடப்படுகிறது என்று சுவரில் நோட்டீஸ். முந்தின நாள் சாயங்காலமே எண்ணி முடித்துவிட்டார்கள். எல்லா எண்ணும் இருந்தது, 417 தவிர. ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் நிமாய் தா. அவரை சஸ்பெண்ட் செய்து, வீட்டுக்கு ஆள் அனுப்பி, 417 ஒட்டிய பெட்டி எங்கே என்று அவர் மனைவியையும் கேட்டு, அரிசி டின்னைக்கூடக் கவிழ்த்துத் தேடினார்களாம். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், எங்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை.

இவர் பையோடு திரும்பி வந்து பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். "இப்பவே போயி சொல்லிடுங்க," என்றேன். தொழிற்சாலையை விற்பதற்கு முன்னால் எல்லோரையும் எழுதித் தரச் சொல்லியிருந்த விருப்ப ஓய்வுக்கான காகிதத்தை எடுத்துக் காட்டினார். அதில் ஸ்டோருக்குத் தரவேண்டியது எதுவும் இல்லை என்று நிமாய் தாவின் கையெழுத்து இருந்தது. சஷ்டியன்று மாலை, பெட்டியை எடுத்துக் கொடுத்த அதே கையால் போட்டது.

"நான் சொன்னா இந்தக் கையெழுத்து பொய்யாயிடும். அப்புறம் ரெண்டு பேரும் உள்ளதான். நம்ம பொண்ணு சாதனா காலேஜ் முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, தமயந்தி."

அது நியாயமா சாக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் படத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அதன் பிறகு இவர் பேப்பரைப் பிரிப்பதில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதாத காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

தீபாவளியை ஒட்டி வருகிற காளி பூஜைக்கு நாலு நாள் முன்பு நிமாய் தாவின் மனைவி ஷிப்ரா வந்தாள். விஜயதசமி வாழ்த்தைக் காளி பூஜைக்குள் நேரில் சொல்ல வருஷா வருஷம் வருவதுதான். கையில் தேங்காய் உருண்டை டப்பா. கழுத்தில் சங்கிலி தொளதொளவென்று தொங்கியது, அவ்வளவு மெலிந்திருந்தாள்.

"எங்க எதிர்வீட்டுல கதவே திறக்கல, தீதி. நீங்க திறந்தீங்க," என்றாள்.

டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. என்ன கேட்டாலும் இவரு வாயே திறக்க மாட்டேங்கறாரு. பாலா தா வந்து, நிமாய் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்வாரா?"

அவளிடம்கூட நிமாய் தா சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டு நின்றது. ஷிப்ரா என் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, "சரி, சாமியைக் கும்பிட்டுட்டுப் போறேன்," என்று அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தலை குனிந்து கைகூப்பினாள்.

சரஸ்வதி படத்துக்குப் பக்கவாட்டில் பெட்டியின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. சந்தனம் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்க, மஞ்சள் தாளில் நான்கும் ஒன்றும் நன்றாகத் தெரிந்தன. இரண்டு எட்டு வைத்தால் மறைத்துவிடலாம், நான் வைக்கவில்லை.

இவர் அறை வாசலுக்கு வந்திருந்தார். வெளியே போகிற சட்டையைப் போட்டிருந்தார், பொத்தான் போடவில்லை. பெட்டியைப் பார்த்தார். பிறகு நவமியன்று பார்த்த அதே பார்வையாக என்னைப் பார்த்தார், நான் சொல்வதற்காக.

ஷிப்ரா கூப்பிய கையை நெற்றியில் மூன்று முறை தொட்டுக்கொண்டாள். தலையை நிமிர்த்தினாள். இமைகள் அசைந்தன.