பட்டை பட்டையாய்

...இல்லை, அவளாக இருக்காது, அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவள் குழந்தை ஃபோட்டோவுக்குச் சட்டம் போட இந்தத் தேரடித் தெரு கடைக்கா வரவேண்டும், ஊரில் வேறு கண்ணாடிக் கடையே இல்லையா, என்று மெஹ்விஷ் அடுக்கியிருந்த கண்ணாடிகளுக்குப் பின்னால் நகர்வதற்குள், கல்லாவிலிருந்த அப்பா நசீர் அகமது ஆரம்பித்துவிட்டார், யார் வந்தாலும் இதே பேச்சு, "என் பொண்ணும்மா, மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்றா, ஓடுற தண்ணியில காத்துக் குமிழி எந்தப் பக்கம் போவணும்னு கண்டுபிடிச்சிருக்கா, பேப்பர் வந்து எட்டு மாசமாச்சு, நீயே சொல்லேன்ம்மா", சொல்வதா, யாரிடம், மதிவதனியிடமா... இரண்டு வருடம் ஒரே ஆய்வகம், தண்ணீர் ஓடும் குழாயில் குமிழிகள் தேங்கி வழியை அடைத்துக்கொண்டேயிருந்தன, தண்ணீர் ஒட்டாத பூச்சைக் குழாயின் உள்தகடு முழுக்கப் பூசினாள் மெஹ்விஷ், குமிழிகள் மொத்தமாய் அப்பிக்கொண்டன, அப்போது ஆறு மாத வயிற்றோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மதிவதனிதான், "முழுக்க ஏண்டி பூசற, சாய்வா பட்டை பட்டையா பூசு, குமிழி அது மேலயே ஊர்ந்து ஓரமா போயிடும்" என்றாள், பிரசவத்துக்குப் போனவள் திரும்பவில்லை, யாருடைய யோசனை என்று பேராசிரியர் கேட்டபோது "என்னுது சார்"... எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை, வெளிவந்த கட்டுரையில் மதிவதனி பெயரே இல்லை.

"படிச்சேன்" என்றாள் மதிவதனி, குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே. திட்டப்போகிறாள், அப்பா எதிரிலேயே, திட்டட்டும், திட்டினால் தேவலை, பதில்களுக்கா பஞ்சம், நீ ஃபோன் எடுக்கவில்லை, சார்தான் அவசரப்படுத்தினார், நீதான் பாதியில் விட்டுப்போனாய்... ஆனால் அவள் கல்லாமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தி, "பட்டைய எத்தன டிகிரி சாய்ச்ச? அது படத்துல சரியா தெரியல."

"பதினஞ்சு."

"அதான பார்த்தேன்! நான் முப்பதுன்னே நெனச்சிட்டிருந்தேன். முப்பதுல என்னாவுது?"

"குமிழி பட்டையில நிக்கல, தண்ணி இழுத்துக்கினு போயிடுது."

அவள் கண்கள் அப்படியே மலர்ந்தன, "சே, கூட இருந்து பார்த்திருக்கணும்டி", அதில் குத்தல் இருந்ததா, மெஹ்விஷ் தேடிப் பார்த்தாள், இல்லை, குழந்தை சிணுங்கியது, "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன் பாய்" என்று படியிறங்கிவிட்டாள்.

"தெரிஞ்சவங்களாம்மா?" என்றார் அப்பா. "கூடப் படிச்சவப்பா", அதையும் பாதிதான் சொன்னாள், பதினைந்து என்று சொன்ன நொடியில் தனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்ததே, வெட்கமில்லாமல், இரண்டு பேரும் தகட்டின்மேல் குனிந்திருந்த நாட்களைப்போல... எட்டு மாதமாய் மனசுக்குள் எத்தனை பதில்களைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள், அவற்றில் ஒன்றில்கூட மன்னிச்சிடு என்ற வார்த்தை இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.