இளகும் பக்கம்

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வருபவர்களின் சங்குச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே, ரம்யாவைப் பின்னறைக்குள் தள்ளினாள் அவள் அம்மா செல்வராணி.

"நெறமாசக்காரி பொணத்தப் பாக்கக் கூடாதுளா. இந்த இரும்ப மடியில வச்சுக்கிட்டு இங்கனயே இரி."

அவசரத்துக்கு அம்மா கையில் அகப்பட்ட இரும்பு, அப்பாவின் ராட்செட் ஸ்பேனர். துறைமுகத்துச் சரக்கு வேகன்களின் பிரேக்கை அதை வைத்துத்தான் அப்பா பேச்சிமுத்து காலமெல்லாம் இறுக்கினார். எந்தக் கப்பலில் வந்ததோ, கைப்பிடியில் பேட்டன்ட் என்று ஆங்கிலத்தில் பொறித்து, பாதி தேய்ந்த வருஷமும் இருக்கும். அதன் தலையிலுள்ள சின்னக் கொக்கியை ஒரு பக்கம் தள்ளினால் மரை இறுகும், மறுபக்கம் தள்ளினால் இளகும். கீழே வைக்கும்போது இறுகும் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். "ஆளில்லாத வண்டி நவுந்தா யாரு புடிக்க?" என்பார்.

ரம்யா ஆத்தூரிலிருந்து வந்து இறங்குவதற்குள் அப்பா ஐஸ் பெட்டிக்குள் போயிருந்தார்; யாரும் அவளைக் கிட்டே விடவில்லை. பெற்ற தகப்பன் முகத்தைப் பார்த்தால் பிள்ளைக்குக் கெடுதல் வருமாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பேனரின் தலையைத் திருகினாள். டிக். மறுபடியும் திருகினாள். டிக்.

வெளியே குளிப்பாட்டு முடிந்து, அப்பாவை வண்டியில் ஏற்றும்போது ஒப்பாரி உயர்ந்தது. அமரர் ஊர்தி உறுமிவிட்டு ஓய்ந்தது.

"அண்ணாச்சி, பிரேக்க எடுத்துட்டேன், வண்டி அசைய மாட்டேங்குது" என்றார் டிரைவர்.

ஆண்கள் கூடித் தள்ளினார்கள். மேடு பள்ளமில்லாத உப்பளத் தெருதான். சக்கரம் உருளவில்லை. டிரைவர் சாவியை உருவிக்கொண்டு இறங்கி, வாசல் வேப்பமரத்தடிக்குப் போனார்.

ரம்யா சட்டென்று கையை எடுத்தாள். மடியில் கிடந்த ஸ்பேனர் தானாகச் சொன்னது: டிக்.

கதவைத் திறந்த செல்வராணிக்கும் அது கேட்டது.

"ஏளா, நீயா திருப்புத?"

"இல்லம்மா. நான் தொடவே இல்ல."

டிக்.

செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். வாசலில் அத்தை மறித்தாள்.

"பிள்ளத்தாச்சியக் கூட்டிட்டு வாரியே, புத்தி இருக்கா ஒனக்கு?"

"மகளப் பாக்காம அவரு போவ மாட்டாரு. வழிய விடுங்க மைனி."

ஊர்தியின் பின்கதவைத் திறந்தார்கள். அப்பாவின் நெற்றியில் திருநீறு காய்ந்து வெளுத்திருந்தது. ரம்யா வேண்டிய மட்டும் பார்த்தாள். அழுகை அடங்கியதும், "போய்ட்டு வாங்கப்பா" என்றாள். கதவைச் சாத்தினார்கள்.

ரம்யா கையோடு கொண்டுவந்திருந்த ஸ்பேனரின் கொக்கியைக் கட்டைவிரலால் இளகும் பக்கம் தள்ளினாள்.

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. டிரைவர் இன்னும் வேப்பமரத்தடியில்தான் நின்றிருந்தார், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.