பதினோராம் நம்பர் படம்

என் வீட்டுக்காரர் ராஜவேல் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் நான் அவருக்குத் தெரியாமல் போட்டிக்குப் படம் அனுப்பினேன். பரிசுக்காக இல்லை. பரிசாகக் கொடுக்கும் கண்ணாடிக் கேடயங்களால் எங்கள் வீட்டு ஷோகேஸ் ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது. அத்தனையும் அவர் வாங்கியது, தூசி தட்டுவது மட்டும் நான்.

தெரியாமல் அனுப்பினேன் என்றால் திருட்டுத்தனம் இல்லை. எங்கள் கேமரா கிளப்பின் வழக்கமே அப்படித்தான். படத்தைச் செயலாளர் ரோஸ்மேரிக்கு அனுப்ப வேண்டும். எடுத்தவர் பெயரை நீக்கிவிட்டு அவர் ஒரு நம்பர் போட்டுத் திரையில் காட்டுவார். நடுவர் கருத்துச் சொல்லி, மார்க் போட்ட பிறகுதான் யார் எடுத்தது என்று வாசிப்பார்கள். போன வருடம் ஜெயித்தவர் இந்த வருட நடுவர். போன வருடம் ஜெயித்தது என் வீட்டுக்காரர்.

இவர் பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். கம்பெனியில் குறை உள்ள பீஸைத் தூக்கிப் போடுகிற மாதிரியே கிளப்பிலும் படங்களைத் தூக்கிப் போடுவார். "இது செகண்ட்ஸுங்க, ரோட்டுக் கடைக்குத்தான் போகும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், படம் எடுத்தவரைத் தவிர. கிளப்பில் மாதம் ஒரு உறுப்பினர் பேச வேண்டும். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் டேனியல் ஒரு மாதக் கூட்டத்தில் ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி அருமையாகப் பேசினார். பேசி முடித்ததும் இவர் எழுந்து, "மாலை மாத்தறத எடுக்கறதுக்கு எதுக்குங்க இத்தனை பேச்சு?" என்றார். அன்று டேனியல் டீ குடிக்காமலே போய்விட்டார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தப் பேச்சு முழுவதையும் மனதில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நானும் கண் தெரியாதவள் இல்லை. கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு டிசைன் போடுகிறவள். ஆனால் வீட்டில் எந்தப் படத்தைக் காட்டினாலும் இவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். "கோணலா இருக்குது." அவ்வளவுதான். ஒருநாள் விடாமல் கேட்டதற்கு, "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும், அன்பு" என்று சொல்லிவிட்டு, "சோத்தப் போடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடம். அந்தச் சட்டியில் தினமும் வேகிறவள் நான்.

இவர் புதுக் கேமரா வாங்கியதும் பழையது பீரோ மேல் ஏறிக்கொண்டது. அதை இறக்கித்தான் எடுத்தேன். தை மாதத்தில் எங்கள் சமையலறை வென்டிலேட்டர் வழியாகக் காலையில் கொஞ்ச நேரம் வெயில் வரும். மேடையில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், காய்கிற டிபன் கேரியர், குழாயில் தொங்கும் சிவப்புக் கரித்துணி. குக்கர் ஆவி வெயிலுக்குள் நுழையும்போது அந்த இடமே வேறு இடம் ஆகிவிடும். தை பிறந்ததிலிருந்து ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் கேமராவுமாக நின்றேன். இரண்டு முறை பால் பொங்கி வழிந்தது. ஒருநாள் வெயில், ஆவி, துணி மூன்றும் சரியாக வந்து மாட்டின.

போட்டி மண்ணரைப் பகுதியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நடந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமையும் நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் முன்னால் தனி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் படம் அவிநாசித் தேர். "தேரு நல்லா இருக்குதுங்க, படம் நல்லா இல்லீங்க." பத்துக்கு நாலு மார்க். அடுத்தது மயில். "மயிலே வெக்கப்பட்டு மூஞ்சியத் திருப்பிக்குச்சு பாருங்க." மூன்று மார்க். பத்துப் படம் இப்படியே போனது. எழுந்து போய் ரோஸ்மேரியிடம் என் படத்தை எடுத்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் பதினோராம் நம்பர் திரையில் வந்துவிட்டது.

இவர் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார்.

"லைட்ட அணைங்க" என்றார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "நல்லாப் பாருங்க. வெயில் எல்லாத்து மேலயும் விழுகலீங்க. எது மேல விழுகோணுமோ அது மேல மட்டும் விழுகுது. இத எடுத்தவரு ஒரே நாள்ல எடுக்கலீங்க. காத்துக் கெடந்திருக்கறாரு. அந்தச் செவப்புத் துணியப் பாருங்க. அது மட்டும் இல்லீன்னா படமே செத்துப் போயிருக்கும். படத்துல ஒரு ஆளுகூட இல்லீங்க, ஆனா இப்பத்தான் ஒருத்தர் அக்கட்டால நகந்து போனாப்ல இருக்குது. இப்படி ஒரு சமையக்கட்டு எந்த ஊட்டுல இருக்குதோ, அந்த ஊட்டுக்காரன் குடுத்து வெச்சவனுங்க."

ஒன்பது மார்க் போட்டார். இவர் ஒன்பது போட்டு யாரும் பார்த்ததில்லை.

இத்தனை வருடம் ஏங்கிய வார்த்தை, கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. பாராட்டுகிறாரே ஒழிய, அது தன் வீடு என்று அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை. தினமும் கம்பெனிக்குக் கொண்டு போகிற டிபன் கேரியர் திரையில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, அதுவும் தெரியவில்லை.

கடைசிப் படமும் முடிந்ததும் ரோஸ்மேரி மைக்கில் வாசித்தார். "பதினோராம் நம்பர். முதல் பரிசு. அன்புசெல்வி ராஜவேல்."

கூட்டமே திரும்பி என்னைப் பார்த்தது. இவர் முகம் ஒரு கணம் சுண்டியது. ஒரு கணம்தான். உடனே பெரிய சிரிப்பாகச் சிரித்தார்.

"கேமரா என்னுதுங்க. செட்டிங் எல்லாம் நாந்தான் போட்டுக் குடுத்தேன். பக்கத்துல நின்னு, இப்ப அமுத்து, இப்ப அமுத்துன்னு சொல்லி எடுக்க வெச்சதுங்க. நீங்கெல்லாம் என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னுதான் சொல்லாம இருந்தேன்."

சிலர் கைதட்டினார்கள். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன். சொன்ன பாராட்டையும் திருப்பி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறாரே, இந்த ஆளை என்ன செய்வது?

ஜெயித்தவர் படத்தை எங்கே எடுத்தார் என்று சொல்ல வேண்டும், அதுவும் கிளப் வழக்கம். ரோஸ்மேரி மைக்கை என் பக்கம் நீட்டி, "எங்க எடுத்ததுங்க அன்பு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொல்லிவிட்டார். எப்போதும் அப்படித்தான்.

"வெள்ளகோவிலுங்க. இவங்கம்மா ஊட்டுல. பொங்கலுக்குப் போயிருந்தப்ப எடுத்தது."

நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.

"எங்கம்மா ஊட்டுல வென்டிலேட்டரே இல்லீங்க. இது எங்க ஊடு. நாங்க குடியிருக்கற ஊடு. அந்த டிபன் கேரியர்லதான் இவரு தெனமும் சோறு கொண்டு போறாரு. அது இல்லீன்னா படமே செத்துருமுன்னு சொன்னாருங்களே, அந்தச் செவப்புத் துணி, அது இவரு போன தீவாளிக்குப் போட்ட டீ-சர்ட்டு. கிழிஞ்சு போச்சுன்னு நாந்தான் வெட்டிக் கரித்துணி ஆக்குனேன். இவரு அந்த அறைக்குள்ள வந்தே பாத்ததில்லீங்க. அதான் அடையாளம் தெரியல."

முதலில் டேனியல்தான் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததும் அறையே சிரித்தது.

"ஜட்ஜோட சொந்தக்காரங்க படம் போட்டா செல்லாதுங்க" என்றார் இவர், ரோஸ்மேரியைப் பார்த்து. "மார்க்க அடிச்சிருங்க."

"அப்படி ஒரு ரூலே இல்லீங்களே" என்றார் ரோஸ்மேரி. "போட்ட மார்க்கு போட்டதுதானுங்க. அடுத்த மாசக் கூட்டத்துல உறுப்பினர் பேச்சும் அன்புதானுங்க."

இவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "மானத்த வாங்கீட்ட. கெளம்பு, ஊட்டுக்குப் போலாம். பசிக்குது."

இத்தனை வருடத்தில் இந்த மாதிரி குரலுக்கு நான் எழுந்திருக்காமல் இருந்ததில்லை. அன்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு இன்னும் டீ வரலீங்க. நீங்க போங்க. சோறு குண்டாவுல இருக்குது, கொழம்பு அடுப்பு மேல இருக்குது, சுட வெச்சுக்குங்க." பைக் சாவியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு திரும்பினார். வாசல் வரை போகவிட்டு, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

"சமையக்கட்டு, ஹாலைத் தாண்டி எடது பக்கமுங்க."