பதினோராவது கேள்வி

"தண்ணிப் பிரச்சினை இருக்கான்னு அஞ்சு வருஷமா உங்க காலேஜ்லேர்ந்து வந்து கேக்குறீங்க. நானும் இருக்குன்னு சொல்லிட்டேதான் இருக்கேன்," என்றாள் இஸ்திரி போடும் அக்கா, பெட்டியைச் சட்டைமேல் ஓட்டியபடி. "அந்தக் குழாய் ஒழுகியே தொட்டி காலியாகுது. இந்த வருஷமும் எழுதிக்கோ கண்ணு."

சமூக சேவைப் பாடத்துக்காக வந்திருந்த இரண்டு மாணவிகளில் ஒருத்தி, பதினோராவது கேள்விக்கு நேரே 'உண்டு' என்று எழுதினாள். தெருக்குழாயில் வாஷர் தேய்ந்திருக்கிறது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளத்தான் பயம். அப்பா பொறியாளர் என்று கூட வந்திருக்கும் தோழியிடம் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. முதல் நாள் வாய்தவறி வந்த பொய். அன்றிலிருந்து தினமும் அதற்குச் சோறு போட வேண்டியிருந்தது.

"இன்னும் முப்பது வீடு இருக்குடி, வா," என்றாள் தோழி.

போயிருக்கலாம். அந்தச் சொட்டுச் சத்தம் விடவில்லை. எதிரே சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனரும், பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வளையமும் வாங்கிவந்தவள், யோசிப்பதற்குள் குழாயின் தலையைக் கழற்றிவிட்டாள்.

தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. இரண்டு கையாலும் பொத்தினாள்.

"என்னடி பண்ணித் தொலைச்ச!"

"பையில போன் இருக்கு. எங்கப்பாவைக் கூப்பிடு, சீக்கிரம்!"

தோழி ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்ட அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"வால்வை மூடாமலா கழட்டின? எட்டு வயசுலேர்ந்து என்கூட ஸ்பேனர் தூக்கினவ பண்ற வேலையா இது? குழாய் ரிப்பேர்காரன் பொண்ணுன்னு வெளிய சொல்லிடாத தாயி, என் பொழப்பு போயிடும்! பக்கத்துல தரையில ஒரு இரும்பு மூடி இருக்கும், பாரு."

"ஐயோ, அது என் வண்டிக்கடியில இருக்கு!" என்று அக்கா இஸ்திரி வண்டியைத் தள்ளினாள்.

வால்வை மூடினார்கள். தண்ணீர் நின்றது, வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது. சொட்டச் சொட்ட நின்றவளைத் தோழி உற்றுப் பார்த்தாள்.

"பொறியாளர்னு சொன்ன?"

"இல்லடி. குழாய் ரிப்பேர் பண்றவர்." சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

"அடிப்பாவி! எங்க பாத்ரூம் குழாய்க்கு ரெண்டு வருஷமா ஆள் தேடுறோம், வாயத் திறந்தியா நீ?"

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் நனைந்த படிவத்தை விரித்தாள். 'உண்டு' என்பதை அடித்துவிட்டு எழுதினாள்: 'இன்று மூன்று மணி வரை.'